சித்திரை முதல் பங்குனி வரை குண்டு டயர் சைக்கிள்: 22 குறிப்புகள்

அலாஸ்காவின் பனியிலும் நியூ மெக்ஸிகோவின் மணலிலும் சக்கரம் புதையாமல் ஓட்ட வேண்டும் என்று 1980களில் சிலர் ரிம்மை அகலப்படுத்திப் பார்த்தார்கள். அதன் வாரிசுதான் இன்றைய ஃபேட் டயர் சைக்கிள். 2005-ல் அமெரிக்காவின் சர்லி நிறுவனம் 3.7 அங்குல டயருடன் ‘பக்ஸ்லி’ மாடலைக் கொண்டுவந்த பிறகு இது கடைக்கு வந்தது. இப்போது நம் தெருக்களிலும் பிள்ளைகள் ‘குண்டு டயர்’ என்று கேட்டு வாங்குகிறார்கள்.

நமக்குப் பனி இல்லை. ஆனால் கடற்கரை மணல், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணல், செம்மண் பாதை, ஐப்பசிச் சேறு எல்லாம் உண்டு. டயர் குண்டாக இருந்தால் மட்டும் இவற்றில் ஓடிவிடாது. உள்ளே எவ்வளவு காற்று என்பதுதான் விஷயம். காற்றைக் காலத்துக்கும் தரைக்கும் தகுந்தபடி மாற்றி, ஓட்டி முடித்ததும் துடைத்து வைத்தால், பன்னிரண்டு மாதமும் ஓட்டலாம்.

காற்று: எல்லா மாதத்துக்கும்

1. முதலில் வாங்க வேண்டியது 30 பிஎஸ்ஐ வரை மட்டுமே காட்டும் சிறிய அழுத்தமானி. பெட்ரோல் பங்க்கில் இருப்பது கார், பைக்குக்கானது. பத்துக்குக் கீழே அது காட்டுவதை நம்ப முடியாது. நமக்கோ 8-க்கும் 12-க்கும் நடுவில்தான் ஓட்டமே மாறுகிறது. கட்டை விரலால் அமுக்கிப் பார்த்துக் கணக்கிடுவதும் குண்டு டயரில் ஏமாற்றும்; சுவர் தடிமனாக இருப்பதால் காற்று குறைந்திருந்தாலும் கெட்டியாகத்தான் தெரியும்.

2. 26 × 4 அங்குல டயர், ஓட்டுபவர் 70 கிலோ என்று வைத்துக்கொண்டால் தார்ச்சாலைக்கு 15 முதல் 20 பிஎஸ்ஐ, மண் பாதைக்கு 10 முதல் 12, உதிர்மணலுக்கு 6 முதல் 8 என்று தொடங்குங்கள். எடை கூடினால் ஒன்றிரண்டு கூட்டிக்கொள்ளுங்கள். முன் டயரில் ஒன்று குறைத்தே வைக்கலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவை மட்டும் தாண்டக் கூடாது.

3. காற்று அதிகமானால் சிறு கல்லுக்கும் சைக்கிள் துள்ளும். குறைந்தால், தார்ச்சாலையில் ஹேண்டில்பார் தானாக ஒரு பக்கம் இழுக்கும். திருப்பத்தில் உடம்புக்குப் பின்னால்தான் சக்கரம் வரும். பள்ளத்தில் ‘டங்’ என்று ரிம் இடித்தால், இறங்கிக் காற்றடித்துவிட்டு ஓட்டுங்கள்.

4. மணலில் ஓட்டிய பிறகு வால்வைப் பாருங்கள். ரிம்மின் துளையில் நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால், குறைந்த காற்றில் டயர் ரிம்மின் மேல் நகர்ந்து டியூபையும் இழுத்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் வால்வின் அடியில் டியூப் கிழியும். அதற்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. காற்றை முழுக்க இறக்கி, டயரைக் கையால் திருகி வால்வை நிமிர்த்திவிட்டு மறுபடி அடியுங்கள்.

5. பங்க்கில் காற்றடிப்பவர் பழக்கத்தில் முப்பது வைத்துவிடுவார். “பதினஞ்சு போதும்ணே” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு நின்று அடிக்கும் பம்ப்பும், பையில் ஒரு கைப்பம்ப்பும் இருந்தால் நல்லது. மணலுக்காக இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்றாமல் பத்து கிலோமீட்டர் தார்ச்சாலையில் மிதிப்பது வெட்டி வேலை.

பங்குனி முதல் ஆனி வரை: வெயில்

6. வெயிலில் நிறுத்தினால் டயர் வெடித்துவிடும் என்று பயந்து மதியத்தில் காற்றைப் பிடுங்க வேண்டாம். காலை 28 டிகிரியில் 15 பிஎஸ்ஐ இருந்த டயர், 45 டிகிரி சூட்டுக்கு வந்தால் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ தான் கூடும். உச்ச அளவுக்கு முட்ட அடித்த டயரும், வெடிப்பு விட்ட பழைய டயரும்தான் ஆபத்து. ஆனால் வெயில் ரப்பரைக் காயவைக்கும். நிழலே கிடைக்காத இடத்தில் பழைய வேட்டியால் டயரை மூடி வையுங்கள்.

7. இரும்புச் சட்டம் கொண்ட மலிவு மாடல்கள் 18, 20 கிலோ வரை கனக்கும். சாதாரண சைக்கிளில் போகும் தூரத்துக்கு இதில் கூடுதலாக மிதிக்க வேண்டும், கூடுதலாக வியர்க்கும். அக்னி நட்சத்திர நாட்களில் காலை ஏழு மணிக்குள் வீடு திரும்பும்படி கிளம்புங்கள். தண்ணீருடன் உப்புப் போட்ட மோரும் இருக்கட்டும்.

8. முழங்கால் வலிக்கிறது என்று பலர் இந்த சைக்கிளை மூலையில் போட்டுவிடுகிறார்கள். அகலமான டயருக்கு இடம் விட, பெடல் அச்சுக் கூடும் அகலமாகத்தான் இருக்கும். சாதாரண மலை சைக்கிளில் 68 அல்லது 73 மிமீ. இதில் பெரும்பாலும் 100 மிமீ. கால்கள் விரிந்து மிதிப்பதால் சீட் தாழ்ந்திருந்தால் வலி சீக்கிரம் வரும். குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை இறக்கும்போது கால் நேராக நீளும் உயரத்தில் சீட்டை வையுங்கள். பாதத்தைப் பெடலின் உள்பக்கமாக வைத்து மிதியுங்கள். கியர் இருந்தால் இலகுவான கியரில் வேகமாகச் சுற்றுவது நல்லது.

9. சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் குண்டு டயருக்குப் பயப்படாது. பஞ்சர் ஒட்டியதும் டியூபை உள்ளே திணிக்காதீர்கள். கொஞ்சம் பஞ்சை உருண்டையாக்கி டயரின் உட்புறம் முழுக்க மெதுவாகத் தேய்த்து வாருங்கள். கண்ணுக்கும் விரலுக்கும் தப்பிய முள் நுனி பஞ்சின் நாரைப் பிடித்து இழுக்கும். அந்த இடத்தில் வெளிப்பக்கத்திலிருந்து அமுக்கி, நுனி உள்ளே எழும்பியதும் குறடால் பிடுங்குங்கள். விரலை வைத்துத் தேடினால் விரல்தான் கிழியும்.

10. 26 × 4 டியூப் எல்லாப் பஞ்சர் கடையிலும் இருக்காது. ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள். அதுவும் இல்லாமல் மாட்டிக்கொண்டால், 26 × 2.5 அல்லது 2.75 டியூபை மாட்டி, குறைவாகக் காற்றடித்து வீடு வந்து சேரலாம். வந்ததும் மாற்றிவிடுங்கள். பல மாடல்களில் சக்கரத்தைக் கழற்ற 15 மிமீ ஸ்பேனர் வேண்டும். உங்கள் நட்டுக்கு எது பொருந்துகிறது என்று பார்த்து, அதையும் பையில் போடுங்கள்.

ஆடி முதல் புரட்டாசி வரை: காற்றும் புழுதியும்

11. பாலக்காட்டுக் கணவாய் வழியே கோவை, உடுமலைப் பக்கமும், செங்கோட்டை வழியே தென்காசிப் பக்கமும், ஆரல்வாய்மொழியிலும் ஆடி மாதத்தில் காற்று ஆளைத் தள்ளும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளுக்கு இது இரட்டைச் சுமை. போகும்போது எதிர்காற்றில் போய், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும்படி வழியைத் தேர்ந்தெடுங்கள். லாரி கடக்கும் நொடியில் காற்று நின்று மறுபடி அடிக்கும். அப்போது ஹேண்டில்பாரை இறுகப் பிடிக்காமல் சற்றே தளர்வாகப் பிடித்தால் சைக்கிள் அலையாது.

12. செயினுக்குத் தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். பிசுபிசுத்துப் புழுதியைச் சேர்த்து, செயினையே அரைத்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை, ஆனால் ஒரு மழைக்கே கழுவிக்கொண்டு போகும். சைக்கிள் செயினுக்கென்று விற்கும் எண்ணெயில் ‘டிரை’ வகை புழுதிக் காலத்துக்கு, ‘வெட்’ வகை மழைக்காலத்துக்கு. கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, கால்மணி நேரம் கழித்து வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க்கு வேலை கண்ணிக்கு உள்ளேதான்.

13. செயின் தேய்ந்துவிட்டதா என்று அங்குல டேப்பால் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பின்னின் நடுவுக்கும் அடுத்த பின்னின் நடுவுக்கும் அரை அங்குலம். ஆக, ஒரு பின்னின் நடுவில் டேப்பின் தொடக்கத்தை வைத்தால், இருபத்து நான்காவது இடைவெளியில் வரும் பின் சரியாக 12 அங்குலக் கோட்டில் நிற்க வேண்டும். அந்தப் பின் கோட்டைத் தாண்டி ஒன்றரை மிமீ போயிருந்தால் செயினை மாற்றுங்கள். மூன்று மிமீ போயிருந்தால் பின்சக்கரத்துப் பல்லும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். செயினோடு ஃப்ரீவீலுக்கும் செலவு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் அந்தச் செலவு மிச்சம்.

ஐப்பசி, கார்த்திகை: மழை

14. தேங்கிய நீரில் குண்டு டயர் ஓடத்தான் செய்யும். ஓட்டலாமா என்பது வேறு கேள்வி. நீருக்கடியில் மூடி இல்லாத பாதாளச் சாக்கடை இருக்கிறதா, மின்கம்பி அறுந்து கிடக்கிறதா என்று டயருக்குத் தெரியாது. தரை தெரியாத நீரில் இறங்காதீர்கள்.

15. ஈரச் சாலையில் வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, அழுகிய இலை, மழை தொடங்கிய முதல் பத்து நிமிடத்து எண்ணெய்ப் படலம் எல்லாமே வழுக்கும். இவற்றின் மேல் நேராகப் போங்கள். திருப்புவதும் பிரேக் பிடிப்பதும் அதற்கு முன்போ பின்போ இருக்கட்டும். காற்றையும் இரண்டு பிஎஸ்ஐ குறைத்துக்கொண்டால் பிடிமானம் கூடும்.

16. சாதாரண மட்கார்டு நான்கு அங்குல டயரை மூடாது, முதுகெல்லாம் சேறுதான். பழைய பிளாஸ்டிக் கேனை டயரைவிட ஓர் அங்குலம் அகலமாக வெட்டி, ஓரத்தில் துளையிட்டு, கேபிள் டையால் சீட்டுக்கடியில் கட்டினால் போதும். டயருக்கும் அதற்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் களிமண் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும்.

17. டிஸ்க் பிரேக் நனைந்தால் முதல் பிடியில் பிடிக்காது. மழையில் கிளம்பியதும் ஓரிரு முறை லேசாகப் பிடித்து விடுங்கள். கிறீச்சிட்டால் பயந்து எண்ணெய் விடுபவர்கள் உண்டு. டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் பிரேக்கே போய்விடும்; விரல் பட்டாலே கைப்பிசுக்கு ஒட்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் நனைத்துத் துடையுங்கள்.

18. நன்றாக நனைந்து வந்த நாளில் சீட் கம்பியின் உயரத்தைக் குறித்துக்கொண்டு அதைக் கழற்றுங்கள். சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் சட்டத்துக்குள் இறங்கிய நீர் வெளியேறும். கம்பியில் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுங்கள். இதைச் செய்யாத சைக்கிள்களில்தான் சீட் கம்பி துருப்பிடித்து, ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் நிற்கிறது.

மார்கழி முதல் மாசி வரை: மூடுபனியும் கடற்கரையும்

19. மூடுபனியில் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் எரிய வேண்டும். சைக்கிளை வண்டியில் ஏற்றி ஊட்டிக்குக் கொண்டுபோனால், அங்கே இறக்கியதும் காற்றை அளந்து பாருங்கள். 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் டயரின் அளவு ஏறும், குளிரால் இறங்கும். மொத்தத்தில் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூடித்தான் நிற்கும். மலையிறக்கத்தில் முன், பின் பிரேக்குகளை விட்டுவிட்டுப் பிடியுங்கள். கனத்த சைக்கிளில் தொடர்ந்து பிடித்தால் டிஸ்க் கொதித்துப் பிடிமானம் குறையும். கொஞ்சம் நிறுத்தி ஆறவிட்டு இறங்கலாம்.

20. அலை நனைத்த மணல் கெட்டியாக இருக்கும், மிதிக்கச் சுகம். ஆனால் அந்த உப்பு ஒரே இரவில் செயினைச் சிவக்க வைக்கும். அலை தொடாத மேட்டோரம் ஓட்டுங்கள். வீடு வந்ததும் முதல் வேலையாக, குவளையால் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நெருங்க விடாதீர்கள். பேரிங்குக்குள் மணலையும் நீரையும் சேர்த்தே அடித்துத் தள்ளிவிடும்.

21. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் கடற்கரை மணலில் ஓட்ட வேண்டாம். ஆலிவ் ரிட்லி ஆமைகள் சென்னைக் கரையிலும் மற்ற இடங்களிலும் முட்டையிட ஏறிவரும் காலம் அது. முட்டை மணலுக்குள்தான் இருக்கும். பொரிந்த குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி நகரும், உங்கள் முன்விளக்கு அவற்றைத் திசைதிருப்பும். டயர் பதித்த பள்ளத்திலும் அவை சிக்கிக்கொள்ளும். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவு இரவாக நடந்து இந்த முட்டைகளைப் பாதுகாத்து வருகிறார்கள். தேரிக்காட்டிலும் காப்புக்காடு எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வனத்துறை அனுமதியுடன் மட்டும் நுழையுங்கள்.

வீட்டில்

22. சிறிய டி-பூட்டு இந்த டயரையும் சட்டத்தையும் சேர்த்துச் சுற்றாது. நீளச் சங்கிலிப் பூட்டு வாங்குங்கள். மாதக்கணக்கில் ஓட்டாவிட்டால் காற்றில்லாமல் நிறுத்தி வைக்காதீர்கள், டயரின் பக்கச்சுவர் மடிந்து வெடிப்பு விடும். ஆண்டுக்கு இரண்டு பெரிய பராமரிப்பு போதும். ஒன்று, மழைக்கு முன் வரும் ஆயுத பூஜையன்று: பிரேக் பேட், கேபிள், டயர் வெடிப்பு, நட்டுகளைப் பாருங்கள். சந்தனமும் குங்குமமும் ஹேண்டில்பாருக்கு மட்டும், டிஸ்க்குக்கு வேண்டாம். இரண்டு, மழை ஓய்ந்த தை மாதத்தில்: சக்கர அச்சு, பெடல் அச்சு, ஹேண்டில் பேரிங் ஆகியவற்றைத் திறந்து பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக வைக்கச் சொல்லுங்கள். நடுவில் வாரம் ஒருமுறை அழுத்தமானியை எடுத்தாலே முக்கால்வாசிப் பழுது வராது.