எமது வீட்டு உப்பில் அயடீன் உள்ளதா?

இம்முறை நலவாழ்வுப் பாடத்தில் அயடீன் பற்றி அறிந்துகொள்வோம்.

கழுத்தின் முன்புறத்திலுள்ள தைரொயிட் சுரப்பி வேலை செய்வதற்கு அயடீன் அவசியம். அது குறைந்தால் கண்டக்கழலை உண்டாகும் என்பது ஊரில் பலரும் அறிந்ததே. அதைவிடப் பெரிய பாதிப்பு, கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றுவதாகும்.

2003-04இல் நடந்த தேசிய ஆய்வில் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் பாடசாலைப் பிள்ளைகளிடம் அயடீன் குறைவு காணப்பட்டது. எனவே 2009 ஒக்டோபர் முதல் பாண் தயாரிப்பில் அயடீன் சேர்த்த உப்பைப் பயன்படுத்துவது அவுஸ்திரேலியாவில் கட்டாயமாக்கப்பட்டது. ஓர்கானிக் பாணுக்கு விலக்கு உண்டு. இதனால் பிள்ளைகளின் நிலை சீரடைந்தது. ஆனால் 2011-12 ஆய்விலும் கர்ப்பிணித் தாய்மாரின் அளவு போதியதாக இருக்கவில்லை.

நோபல் பார்க்கில் வாழும் நாம் இதைக் கவனிக்க வேண்டும். சோறு, புட்டு, இடியப்பம், தோசை என்று உண்ணும் வீட்டிற்குப் பாண் வழியாக வரும் அயடீன் அதிகம் சேராது. சைவ உணவுக்காரருக்கு மீனும் இல்லை. சமையலுக்குக் கல் உப்போ இமாலய உப்போ பாவித்தால் அந்த வழியும் அடைபடுகிறது.

ஒரு நாள் தேவை (மைக்கிரோகிராம்):

1 - 8 வயது: 90
9 - 13 வயது: 120
14 வயதுக்கு மேல்: 150
கர்ப்பிணிகள்: 220
பாலூட்டும் தாய்மார்: 270

இனிக் கணக்குப் பார்ப்போம். 100 கிராம் பாணில் (ஏறத்தாழ மூன்று துண்டுகள்) சுமார் 46 மைக்கிரோகிராம் உண்டு. இரண்டு கோப்பை பசுப்பாலில் சுமார் 65. ஒரு கர்ப்பிணித் தாய் இவ்விரண்டையும் உட்கொண்டாலும் 111தான், தேவையில் பாதி. இங்கு விற்கப்படும் அயடீன் உப்பில் ஒரு கிராமுக்கு 25 முதல் 65 வரை உண்டு.

சிறுநீரில் அயடீன் அளவு நாளுக்கு நாள் மாறுவதால், ஒருமுறை செய்யும் பரிசோதனை ஒருவரின் நிலையைச் சரியாகக் காட்டாது. உணவைக் கணக்கிடுவதே எளிய வழி.

செய்ய வேண்டியவை:

1. உப்பைக் கூட்ட வேண்டாம்; வகையை மாற்றினால் போதும். மூடிய போத்தலில் ஈரமின்றி வையுங்கள்.

2. கருத்தரிக்க எண்ணுவோர், கர்ப்பிணிகள், பாலூட்டுவோர் தினமும் 150 மைக்கிரோகிராம் அயடீன் மாத்திரை எடுக்குமாறு தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றம் 2010இல் பரிந்துரைத்தது. தைரொயிட் நோயுள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

3. கடற்பாசி மாத்திரைகளைத் தவிருங்கள். அவற்றில் அயடீன் அளவுக்கு மீறி இருக்கலாம். மிகையும் தைரொயிட்டுக்குத் தீங்கே.

பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம்: இன்று சமையலறையிலுள்ள உப்புப் பொதியை எடுத்து, அதில் அயடீன் என்று எழுதியிருக்கிறதா என வாசித்து அம்மாவிடம் சொல்லுங்கள்.

எல்லோரும் நலமுடன் வாழ இறைவனை வேண்டுவோம்.