அலர்ட் இல்லையென்றால் ஆபத்து இல்லையா?

சித்திரை பிறந்துவிட்டால் போதும், எங்கள் சிட்லபாக்கத்தில் மொட்டை மாடிகள் களைகட்டிவிடும். ஒரு மாடியில் ஜவ்வரிசி வடாம், அடுத்த மாடியில் மோர் மிளகாய், அதற்கடுத்த வீட்டில் வெங்காய வடகம். ‘வெயிலை வீணாக்கக் கூடாது’ என்பது நம் வீட்டுப் பெண்மணிகளின் கொள்கை. ஆனால் வெயிலும் நம்மைச் சும்மா விடுவதில்லையே!

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாத மதியம். இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டிலிருந்து மருமகள் போன் செய்தார்.

“டாக்டர், அத்தை காலையில 10 மணிக்கு வடாம் பிழிய மாடிக்குப் போனாங்க. இப்ப கீழே வந்து என்னென்னமோ உளர்றாங்க. வெயில் மயக்கம்தான்னு நினைக்கிறேன். சூடு இறங்க ஏதாவது மருந்து கொடுத்தனுப்புங்களேன்...”

நான் மருந்து அலமாரியைத் திறக்கவில்லை. “முதல்ல 108-க்கு போன் பண்ணும்மா. அத்தை மேல தண்ணியை ஊத்து. ஃபேனைப் போடு. நான் வந்துக்கிட்டே இருக்கேன்” என்றேன்.

போய்ப் பார்த்தால், அந்த அம்மாவுக்கு உடம்பு கொதிக்கிறது. தெர்மாமீட்டர் 105 டிகிரி காட்டியது. வயது 64. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். மகன் எலுமிச்சை ஜூஸை வாயில் புகட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, தடுத்துவிட்டேன். தலை முதல் கால் வரை நனைத்து, ஃபிரிஜ்ஜிலிருந்த ஐஸைத் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தோம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் சூடு 102-க்கு இறங்கியது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நலமாகத் திரும்பினார்.

அன்று அந்த மகன் என்னிடம் கேட்டார்: “இன்னிக்கு அலர்ட் எதுவும் கொடுக்கலையே டாக்டர்? வெயிலும் 102 டிகிரிதானே?”

நியாயமான கேள்வி. உங்களில் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கும். பதிலைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

அலர்ட் எப்போது வரும்?

வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கைகளை நிறத்தால் சொல்கிறது. பச்சை என்றால் கவலை இல்லை. மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள்.

‘வெப்ப அலை’ என்று அறிவிப்பதற்கும் கணக்கு இருக்கிறது. வேலூர் போன்ற உள்நாட்டுச் சமவெளியில் வெப்பம் குறைந்தது 40 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். நம்மைப் போன்ற கடலோரப் பகுதிக்கு 37 டிகிரி. இரண்டு இடத்திலும் அது அந்த நாளின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். இங்கேதான் சூட்சுமம். மே மாதத்தில் மீனம்பாக்கத்தின் இயல்பே ஏறக்குறைய 37, 38 டிகிரி. ஆக, 42-ஐ நெருங்கினால்தான் இங்கே அது வெப்ப அலை! அந்த அம்மா மாடியில் இருந்த அன்று 102 ஃபாரன்ஹீட், அதாவது 39 செல்சியஸ். கணக்குப்படி அது சாதாரண நாள்.

பானையும் உடம்பும்

மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளேயிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்று வறண்டிருந்தால் பானை நன்றாகக் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் கசிந்த நீர் அப்படியே நிற்கும், பானை குளிராது.

நம் உடம்பும் ஒரு மண்பானைதான். வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிர்ந்துவிடாது. வியர்வை காய வேண்டும். வேலூரிலும் திருத்தணியிலும் வெயில் அதிகம், ஆனால் காற்று வறட்சியானது. வியர்வை உடனே காய்ந்துவிடும். அங்கே நமக்குத் தெரியாமலே நீர் வற்றிப்போவதுதான் ஆபத்து. சென்னையிலும் தாம்பரத்திலும் வெயில் இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கலாம். ஆனால் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். சூடு உள்ளேயே தங்கிவிடும்.

கடற்காற்றையும் கவனியுங்கள். மெரினாவுக்கு வந்த காற்று, கடலிலிருந்து தள்ளியிருக்கும் நம் பக்கம் தாமதமாகத்தான் வரும். மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக அடிக்கும் நாளில் அதுவும் வராது. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது 2003 மே 31-ம் தேதி. கத்திரி வெயில் முடிந்த பிறகு! ‘அக்னி நட்சத்திரம் போயாச்சு’ என்று நிம்மதியடைய வேண்டாம்.

வானிலை அறிக்கையின் கடைசியில், ‘வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து அசௌகரியம் ஏற்படலாம்’ என்ற பொருளில் ஒரு வரி வரும். அதற்கு நிறம் இருக்காது, யாரும் கவனிப்பதும் இல்லை. நம் பகுதிக்கு அந்த வரிதான் முக்கியம். தமிழக அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. வெயிலை இனி சாதாரணமாக நினைக்க முடியாது.

சித்த மருத்துவம் என்ன சொல்கிறது?

வேனில் காலத்தில் அழல், அதாவது பித்தம், மிகும் என்கிறது சித்த மருத்துவம். அதற்கேற்ப நம் முன்னோர் வைத்துப் போனவை நீர்மோர், பழைய சோறு, நுங்கு, வெள்ளரிப் பிஞ்சு, நன்னாரி, வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர் எல்லாம். தாராளமாகச் சாப்பிடுங்கள். எண்ணெய்க் குளியலைக் காலையிலேயே முடித்துக்கொண்டு, அன்று வெயிலில் அலையாமல் இருங்கள்.

சிலருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இளநீர் குடிக்க வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம். சர்க்கரை நோயாளிகளுக்குப் பானகம் ஆகாது. ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வெயில் காலத்தில் அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

இவையெல்லாம் வருமுன் காக்க. வந்த பிறகு? பாளையங்கோட்டையில் நான் படித்தபோது எங்கள் ஆசிரியர் அடிக்கடி சொல்வார்: “எந்த நோயாளியை உடனே அனுப்பி வைக்கணும்னு தெரிஞ்சவன்தான்டா வைத்தியன்.” வெப்பத் தாக்குக்கு, அதாவது ஹீட் ஸ்ட்ரோக்குக்கு, கஷாயமும் இல்லை, சூரணமும் இல்லை. குளிர்ச்சியும் ஆஸ்பத்திரியும்தான் மருந்து. ஜுர மாத்திரைகூட அந்தச் சூட்டை இறக்காது.

மயக்கமா, ஆபத்தா?

கெண்டைக்கால் இழுப்பு, தலைவலி, குமட்டல், சோர்வு இருந்தும் பேச்சு தெளிவாக இருந்தால், நிழலில் படுக்க வைத்து ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். வீட்டிலேயே செய்ய, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி நிற்கவில்லை, ஒரு மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள்.

உளறல், தள்ளாட்டம், வலிப்பு, நினைவு தப்புதல், இவற்றோடு உடம்பு 104 டிகிரியைத் தாண்டினால் அது வெப்பத் தாக்கு. ‘வியர்க்குதே, அப்ப ஸ்ட்ரோக் இல்லை’ என்று நினைக்காதீர்கள். அந்த அம்மாவுக்கும் உடம்பெல்லாம் வியர்வைதான்.

ஃபிரிஜ் கதவில் ஒட்டி வையுங்கள்

* பேச்சு குழறினால் தாமதிக்காமல் 108.
* ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள்.
* நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. புரையேறிவிடும்.
* பகல் 12 முதல் 3 மணி வரை மாடி வேலை, வெளி வேலை வேண்டாம். காற்று நின்று வியர்வை வழியும் நாளில் இன்னும் கவனம்.
* தாகம் எடுக்கக் காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது.
* தனியாக இருக்கும் பெரியவர்களை மதியம் ஒரு தடவை, இரவு ஒரு தடவை எட்டிப் பாருங்கள். கான்கிரீட் கூரை பகலில் வாங்கிய சூட்டை இரவில்தான் இறக்கும்.

அந்த அம்மா இப்போதும் வடாம் போடுகிறார். காலை 6 மணிக்கு மாடியேறி, எட்டுக்குள் பிழிந்து முடித்துக் கீழே வந்துவிடுகிறார். காய வேண்டியது வடாம்தானே, நாம் இல்லையே! போன வருடம் எனக்கும் ஒரு டப்பா வந்தது. ருசியில் ஒரு குறையும் இல்லை.