கடலில்லாத் தலைநகரின் கடற்படை

கேள்வி: கங்கைகொண்ட சோழபுரத்தில் கடலே இல்லை. சோழர் கடற்படை எங்கிருந்து கிளம்பியது? வேங்கி நாடு இணைந்தபின் அது இரு நாட்டுக்கும் பொதுவானதா?
– வாசகர், ஜெயங்கொண்டம்

பதில்: சோழர்களின் முக்கியத் துறைமுகம் நாகப்பட்டினம். இன்றைய அரியலூர் மாவட்டத்தில் தலைநகர் அமைத்த முதலாம் ராஜேந்திரன், 1025-இல் சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் மீது கப்பற்படை அனுப்பினான். கடாரம், பண்ணை, மலையூர், இலங்காசோகம் என்று ஊர்களை அடுக்கும் அவனது மெய்க்கீர்த்தி, கடாரத்தரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனை யானைகளோடு பிடித்ததையும், வித்யாதர தோரணம் என்னும் நகர வாயிலைக் கைப்பற்றியதையும் பெருமையாகச் சொல்கிறது. கப்பல்கள் எத்தனை, எப்படிப்பட்டவை என்பது பற்றி மட்டும் மூச்சு விடவில்லை! வணிகக் கலங்களும் படையேற்றிச் சென்றிருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. அதுவே பொருத்தமாகப் படுகிறது.

1070-இல் ராஜேந்திரனின் மகள் வயிற்றுப் பேரனான வேங்கி (இன்றைய ஆந்திரக் கடற்கரைப் பகுதி) இளவரசன், முதலாம் குலோத்துங்கனாக முடிசூட, சோழ, வேங்கிக் கரைகள் இரண்டும் ஒரே ஆட்சிக்குள் வந்தன. இப்படி இணைந்த நாடுகள் பொதுக் கடற்படை வைத்ததற்கு வேறிடத்தில் உதாரணம் உண்டு: டென்மார்க்கும் நார்வேயும் 1814 வரை ஒரே மன்னரின்கீழ் பொதுக் கடற்படை வைத்திருந்தன. 1620-இல் தரங்கம்பாடிக்கு வந்த டேனியர் அந்த அரசைச் சேர்ந்தவர்களே. சோழ–வேங்கி இணைப்பில் அப்படியொரு பொதுக் கடற்படை இருந்ததாகக் கல்வெட்டுகள் கூறவில்லை. விசாகப்பட்டினத்துக்குக் குலோத்துங்கசோழப்பட்டினம் என்ற பெயர் வழங்கியதை மட்டும் அவை காட்டுகின்றன.