மிஸ்வாக்கும் சார்ஜ் பிரஷும்: யாருக்குத் தேவை, எப்படிப் பயன்படுத்துவது?



வாய்ச் சுத்தத்தை நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பது மதரஸாவுக்குப் போகும் சிறு பிள்ளைக்கும் தெரியும். சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற கவலை இல்லையானால், ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்வதை நபி (ஸல்) அவர்கள் கட்டளையாகவே ஆக்கியிருப்பார்கள் என்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அப்படியிருந்தும், பல் பிடுங்கவும் பல் செட் கட்டவும் உதவி கேட்டு டிரஸ்டுக்கு மனுக்கள் வருகின்றன. நோய் முற்றிய பிறகு கொடுக்கும் பணத்தைவிட, அது வராமல் தடுக்கும் அறிவு மேலானது. அதற்காகவே இந்தப் பாடம்.

இப்போது வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளைகள், வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் சார்ஜ் செய்து பயன்படுத்தும் மின்சாரப் பிரஷ் வாங்கி வருகிறார்கள். உள்ளூர்க் கடைகளிலும் அது கிடைக்கிறது. இது சுன்னத்துக்குப் பொருந்துமா, வீண்விரயம் ஆகாதா, எப்படித் தேய்ப்பது என்ற கேள்விகள் எழுகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. மார்க்கத்தின் பார்வை

அராக் மரத்தின் குச்சி மிஸ்வாக்குகளில் சிறந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பல்லில் படிந்ததை நீக்கக்கூடிய, சொரசொரப்பான, சுத்தமான எந்தப் பொருளாலும் சுன்னத் நிறைவேறும் என்று ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. அந்த அடிப்படையில் பிரஷும் அதில் அடங்கும். குச்சி கையில் இருக்கும்போது குச்சியே சுன்னத் என்று சொல்லும் ஹனஃபி உலமாக்களும் உண்டு. இரு கருத்துக்கும் இடம் தரும் வழி எளிது: காலையிலும் இரவிலும் பிரஷ், தொழுகைக்கு ஒளு செய்யும்போது மிஸ்வாக். ஒன்று மற்றொன்றுக்குப் பகை அல்ல.

பிரஷின் முடி பன்றி முடியாக இருக்குமோ என்று சில பெரியவர்கள் தயங்குகிறார்கள். முற்காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1938ஆம் ஆண்டில் நைலான் இழைப் பிரஷ் விற்பனைக்கு வந்த பிறகு அந்த வழக்கம் மாறிவிட்டது. மின்சாரப் பிரஷ்களில் இருப்பது நைலான் போன்ற செயற்கை இழைதான். அட்டைப்பெட்டியில் இழை எதனால் ஆனது என்று பார்த்துக்கொண்டால் மனம் நிம்மதியாகும்.

2. இது என்ன செய்கிறது?

சாப்பிட்ட சில மணி நேரத்தில் பல்லின்மேல் வழவழப்பான ஒரு படலம் படியத் தொடங்குகிறது. அதில் கிருமிகள் வாழ்கின்றன. அன்றாடம் துடைக்காவிட்டால் அது இறுகிக் காரையாகிவிடும். ஈறு வீங்கும், ரத்தம் கசியும், நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து பல் ஆடும். பிரஷின் வேலை அந்தப் படலத்தை இளகியிருக்கும்போதே அகற்றுவது. இறுகிய காரையை எந்தப் பிரஷும் எடுக்காது. பல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். காரை எடுத்தால் பல் ஆடிப்போகும் என்பது தவறான நம்பிக்கை. பல்லை ஆட வைப்பது ஈறு நோய்தான்.

மின்சாரப் பிரஷ் முக்கியமாக இரு வகை. ஒன்றில் சிறிய வட்டத் தலை இரு பக்கமும் திரும்பித் திரும்பிச் சுழலும். மற்றொன்றில் நீளமான தலை மிக வேகமாக அதிரும். இதை சோனிக் என்கிறார்கள்.

சாதாரணப் பிரஷையும் மின்சாரப் பிரஷையும் ஒப்பிட்ட 56 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் கோக்ரேன் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. மூன்று மாதங்களுக்கு மேல் மின்சாரப் பிரஷ் பயன்படுத்தியவர்களுக்குப் பற்படலம் 21 சதவீதமும், ஈறு வீக்கம் 11 சதவீதமும் குறைவாக இருந்ததாக அது கூறுகிறது. பயன் உண்டு, அற்புதம் இல்லை. சாதாரணப் பிரஷால் இரண்டு நிமிடம் பொறுமையாகத் தேய்ப்பவர், மின்சாரப் பிரஷால் அரை நிமிடம் தேய்ப்பவரைவிட நல்ல நிலையில்தான் இருப்பார்.

3. யாருக்குத் தேவை?

1954இல் சுவிட்சர்லாந்தில் முதன்முதலாக இந்த வகைப் பிரஷ் உருவாக்கப்பட்டபோது, கையை நன்றாக அசைக்க முடியாத நோயாளிகளே முதன்மையாகக் கருத்தில் கொள்ளப்பட்டார்கள். இன்றும் அவர்களுக்குத்தான் இது முதலில் தேவை:

• கை நடுக்கம், மூட்டு வாதம், பக்கவாதம் உள்ள முதியவர்கள்
• பிறர் உதவியால் பல் துலக்க வேண்டிய நோயாளிகளும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும்
• பல்லுக்குக் கம்பி கட்டியிருப்பவர்கள்
• ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்று, மருத்துவர் பரிந்துரைத்தவர்கள்

சர்க்கரை நோயாளிகள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் எளிதில் பற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டுவிட்டு ஈற்றில் வரும் ரத்தத்தைக் கண்டுகொள்ளாமல் இருப்பவர், ஒரு கதவைப் பூட்டி மறு கதவைத் திறந்து வைத்தவர் போன்றவர்.

கை நன்றாக இயங்கி, சாதாரணப் பிரஷால் முறையாகத் துலக்குகிற ஒருவர், அண்டை வீட்டில் இருக்கிறது என்பதற்காக இதை வாங்க வேண்டியதில்லை. தேவைக்கு வாங்குவது செலவு, பெருமைக்கு வாங்குவது விரயம். வெற்றிலை, புகையிலை பழக்கம் உள்ளவர்கள் முதலில் அதை விட வேண்டும். அதன் கேட்டை ஈடுகட்டும் பிரஷ் எதுவும் இல்லை.

4. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கைப்பிடியின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். தலைப்பகுதியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒருவருக்கு ஆண்டுக்கு 4. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 20. அந்தத் தலை நம் ஊர்க் கடையில் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டுவிட்டுப் பிரஷை வாங்குங்கள். தலை கிடைக்காத பிரஷ், சில மாதத்தில் அலமாரியில் கிடக்கும்.

ஒரே கைப்பிடியைக் குடும்பத்தில் இருவர் பயன்படுத்தலாம். ஆனால் தலை ஆளுக்கொன்று வேண்டும். கணவன் மனைவியாக இருந்தாலும் தலையைப் பகிர வேண்டாம். அடையாளத்துக்குப் பல நிறங்களில் வளையம் போட்டுத் தருகிறார்கள்.

மென்மையான இழை, இரண்டு நிமிடத்தில் தானே நிற்கும் அல்லது சைகை தரும் டைமர், அதிகமாக அழுத்தினால் எச்சரிக்கும் வசதி ஆகிய மூன்றும் பயனுள்ளவை. செல்போனுடன் இணைப்பது, பல வண்ண விளக்கு, ஏழெட்டு வகை வேகம் ஆகியவற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டிலிருந்து வாங்கி வருபவர்கள் சார்ஜரின் அடியில் உள்ள எழுத்தைப் படிக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். 100-240 என்று இருந்தால் கவலையில்லை. அமெரிக்காவில் வாங்கியது 120 வோல்ட்டுக்கு மட்டும் உரியதாக இருந்தால், இங்கே சொருகியதும் கெட்டுப்போகலாம், ஆபத்தும் உண்டு. துபாய் போன்ற ஊர்களின் சதுர முனை பிளக்குக்குத் தரமான அடாப்டர் தேவை.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பவர்கள், வாங்கும் முன் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

5. பயன்படுத்தும் முறை

• புளோரைடு உள்ள பற்பசையைப் பட்டாணி அளவு வையுங்கள். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு அரிசி அளவு போதும்.
• பிரஷை வாய்க்குள் வைத்த பிறகு சுவிட்சைப் போடுங்கள். வெளியே போட்டால் பசை தெறிக்கும்.
• பல்லும் ஈறும் சேரும் இடத்தில் சற்றுச் சாய்த்து வையுங்கள். முன்னும் பின்னும் இழுத்துத் தேய்க்கக் கூடாது. தேய்க்கும் வேலையைப் பிரஷ் செய்யும்; நாம் ஒவ்வொரு பல்லாக நகர்த்தினால் போதும்.
• வாயை நான்கு பகுதியாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி கொடுங்கள். வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லும் பக்கம் மூன்றையும் தொட வேண்டும்.
• அழுத்தாதீர்கள். பேனா பிடிப்பதுபோல் விரல்களால் பிடித்தால் அழுத்தம் குறையும்.
• முடிந்ததும் நுரையைத் துப்பிவிடுங்கள். உடனே நிறைய நீர் விட்டுக் கொப்பளித்தால் புளோரைடு கழுவப்பட்டுவிடும்.
• தேய்க்கும் இரண்டு நிமிடமும் குழாயை மூடி வையுங்கள். ஒரு முத்து அளவு நீரில் ஒளுச் செய்த நபியின் உம்மத் நாம்.

தொடக்கத்தில் சில நாள் கூச்சமும் லேசான ரத்தக் கசிவும் இருக்கலாம். ரத்தம் வருகிறது என்று அந்த இடத்தை விட்டுவிட்டால் நோய் வளரும்; மெதுவாகத் துலக்கியே ஆக வேண்டும். இரண்டு வாரத்துக்குப் பிறகும் ரத்தம் வந்தால் பல் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு.

ஈற்றில் ரத்தம் வருபவர்கள் ஒளுவுக்கு முன்பே துலக்கி முடித்துவிடுவது நல்லது. உமிழ்நீரைவிட ரத்தம் மிகுந்தால் ஹனஃபி மத்ஹபில் ஒளு முறியும். ஷாஃபிஈ மத்ஹபில் முறியாது. ஆனால் ரத்தம் நஜீஸ் என்பதால் வாயைக் கழுவிவிட வேண்டும்.

6. பராமரிப்பு

துலக்கியபின் தலையைக் கழற்றி, தலையையும் கைப்பிடியின் நுனியையும் கழுவி, நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடி போட்டால் பூஞ்சை பிடிக்கும். பிரஷ் நீர் படலாம் என்பதால் சார்ஜரும் படலாம் என்று நினைக்கக் கூடாது. சார்ஜரைக் குளியலறைக்கு வெளியே உலர்ந்த இடத்தில், சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். இழை விரிந்துவிட்டால் மூன்று மாதம் ஆகும்வரை காத்திராமல் தலையை மாற்றுங்கள். பழுதான பிரஷின் உள்ளே பேட்டரி இருக்கிறது. குப்பையோடு எரிக்காமல், மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

7. நோன்புக் காலத்தில்

இஃப்தாருக்குப் பிறகு தராவீஹுக்கு முன்போ, இரவு படுக்கும் முன்போ ஒருமுறை. சஹர் சாப்பிட்டு, நேரம் முடியும் முன் ஒருமுறை. இந்த இரண்டும் போதும். பகலில் பற்பசை போட்டுத் துலக்கினால், விழுங்காதவரை நோன்பு முறியாது என்றாலும், தொண்டைக்குள் இறங்கும் அச்சம் இருப்பதால் அது மக்ரூஹ். பகலில் மிஸ்வாக் குச்சி செய்யலாம். ஷாஃபிஈ மத்ஹபில், சூரியன் உச்சி சாய்ந்த பிறகு அதைத் தவிர்ப்பது பிரபலமான கருத்து.

8. பெற்றோருக்காக

பிரஷ் வாங்கிக் கொடுத்ததோடு பிள்ளைகளின் கடமை முடிந்துவிடாது. படுக்கையில் இருக்கும் வாப்பாவுக்குச் சோறு ஊட்டுகிறோம், மருந்து கொடுக்கிறோம். வாயைச் சுத்தம் செய்வது மட்டும் விட்டுப்போகிறது. வாய் நாறுகிறது என்று பேரப்பிள்ளைகள் விலகுவதைப் பார்த்து மனம் உடையும் பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கேட்கக் கூச்சப்பட்டு அவர்கள் கேட்பதில்லை.

நபி (ஸல்) அவர்கள் இறுதி நோயில் இருந்தபோது, அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் கையில் இருந்த மிஸ்வாக்கைப் பார்த்தார்கள். பேச வலுவில்லை, பார்வையே கேட்டது. ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் புரிந்துகொண்டு, குச்சியை வாங்கித் தம் பல்லால் மென்று மிருதுவாக்கிக் கொடுத்தார்கள். புகாரியில் உள்ள இந்தச் சம்பவத்தில் நமக்குப் பாடம் இருக்கிறது: நோயாளி வாய் திறந்து கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. கொடுப்பது அவருக்கு உறுத்தாதபடி மென்மையாக இருக்க வேண்டும்.

மின்சாரப் பிரஷ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்று இஷாவுக்குப் பிறகு வீட்டில் உள்ள முதியவரிடம் ஒருமுறை கேளுங்கள்: "பல் துலக்கிட்டீங்களா? நான் பிடிச்சுக்கட்டுமா?" அந்த இரண்டு நிமிடமும் இன்ஷா அல்லாஹ் நம் நன்மைத் தட்டில் சேரும். பெற்றோருக்குப் பணிவிடை செய்யும் நற்பேற்றை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தருவானாக. ஆமீன்.