மாலை மாற்றினாலே கல்யாணம்: கருஞ்சிவப்பு மாலை கட்டும் பாடம்



நம்ம கணியம்பாடி பக்கம் பூ கட்டத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் முழம் போட்டு விற்றால் கையில் நிற்பது கொஞ்சம்தான். கல்யாண மாலைக்குக் கூலி கூடுதல். "சடங்கு வேண்டாம், மாலை மட்டும் மாத்திக்கிறோம். மஞ்சள், வெள்ளை வேண்டாம், கருஞ்சிவப்பா கட்டிக் குடுங்க" என்று ஒரு ஜோடி கேட்டால் நாம் தயாரா? அதற்குத்தான் இந்தப் பாடம்.

இது சட்டப்படி கல்யாணமா?

ஆமாம். 1920களின் கடைசியில் பெரியாரின் சுயமரியாதை இயக்கம் இப்படித் திருமணங்களை நடத்தத் தொடங்கியது. அண்ணா ஆட்சியில் 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். ஊரறிய அறிவிக்க வேண்டிய கட்டாயமில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆக, இங்கே மாலை வெறும் அலங்காரம் இல்லை. மாலையேதான் கல்யாணம்.

"இருட்டு நிறம் ஆகாதே?"

நம்மில் பலர் இப்படித்தான் நினைப்போம். திராவிடர் கழகக் கொடியே கறுப்பில் சிவப்பு வட்டம்தான். அந்தக் குடும்பங்களுக்கு அது கொள்கை நிறம். வேறு சிலருக்கு வெறும் பிடித்த நிறம். கேட்பது அவர்கள் விருப்பம், கட்டுவது நம்ம தொழில்.

எந்தப் பூ?

1. கருஞ்சிவப்பு ரோஜா. ஓசூர் பக்கம் விளையும் தாஜ்மகால் ரகம் நல்லது. கசங்கினால் இதழ் ஓரம் கறுத்துவிடும், அதனால் அன்று காலையில் கட்டுங்கள்.
2. கோழிக்கொண்டை. வெல்வெட் துணி போல அடர்ந்த நிறம். சீக்கிரம் வாடாது, முந்தின நாள் சாயங்காலமே கட்டலாம்.
3. வாடாமல்லி. ஊதா நிறம். பெயரே சொல்லுமே!
4. மரிக்கொழுந்து, துளசி, வெட்டிவேர். இவை வாசனைக்கும் இடைவெளிக்கும்.

அரளி வேண்டாம். அதன் பால் விஷம், கல்யாண வீட்டில் குழந்தைகள் வாயில் வைத்துவிடும். சாயத்தில் முக்கிய பூவும் வேண்டாம். தோல் பதனிடும் ஊர்க்காரர்களான நமக்குச் சாயம் எப்படி ஒட்டும் என்று சொல்லித்தர வேண்டுமா? வியர்வை பட்டால் வேட்டியில் இறங்கிவிடும்.

கட்டும் முறை

முதலில் புடவை, சட்டை நிறம் கேளுங்கள். கறுப்புத் துணிமேல் கருஞ்சிவப்பு மாலை போட்டால் மாலையே தெரியாது. மூன்று பங்கு அடர் நிறம் என்றால் ஒரு பங்கு பச்சையோ வெளிர் நிறமோ இருக்கட்டும். இல்லாவிட்டால் போட்டோவில் ஒரே இருட்டாக விழும். கழுத்துப் பக்கம் துளசி, மரிக்கொழுந்து வைத்தால் உறுத்தாது. நூலை இரட்டையாகப் போடுங்கள். மாற்றும்போது அறுந்தால் அந்தக் குடும்பம் வருஷக்கணக்கில் பேசும். கட்டிய மாலையை வாழை இலையில் சுற்றி, மேலே ஈரத்துணி போட்டு நிழலில் வையுங்கள்.

விலை போடுவது

உதாரணத்துக்கு ஒரு ஜோடி மாலை: பூ ரூ.900, சேதாரம் ரூ.90, நார், நூல், குஞ்சம் ரூ.100, பஸ் ரூ.80, இரண்டு பேர் ஆளுக்கு 5 மணி நேரம், மணிக்கு ரூ.60 வீதம் ரூ.600. மொத்தம் ரூ.1,770. ரூ.2,000 வாங்கினால் குழுவுக்கு ரூ.230 மிச்சம். அன்றைய மார்க்கெட் விலையை வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள். நம்ம கூலியைக் கணக்கில் விடாதீர்கள். பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள்.

மிக முக்கியம்

ஜாதி மாறிக் கட்டுகிறவர்களும் வருவார்கள். யார், எங்கே, எந்த நாள் என்று தெருவில் பேசாதீர்கள். ஒரு வார்த்தை வெளியே போனால் அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம். மணப்பெண்ணுக்கு 18, மணமகனுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஆர்டர் எடுக்காதீர்கள்.

கல்யாணத்தை 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதையும் ஜோடிக்கு நினைவுபடுத்துங்கள். மதம் வேறாக இருந்தால் 7-ஏ பொருந்தாது. 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேச:

1. நம்ம குழுவில் மாலை கட்டத் தெரிந்தவர் எத்தனை பேர்?
2. கட்டுகிற ஒரு மணி நேரத்துக்கு நாம் என்ன கூலி போடுகிறோம்?
3. ஆர்டர் விவரத்தை யார் பொறுப்பில், எப்படி ரகசியமாக வைப்போம்?