ஊர் தாண்டாத நோட்டு

தில்லிக்கு வந்து இறங்கிய முதல் நாள் காலை, இரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு கடையில் தேநீர் குடித்தேன். திருநெல்வேலியில் அம்மா கையில் திணித்து அனுப்பிய பத்து ரூபாய் நோட்டுகளில் இரண்டை எடுத்து நீட்டினேன். என் இந்தியைக் கேட்டுச் சிரித்த கடைக்காரர், என் நோட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டார். இது இயல்புதானே என்றிருந்தேன். பழைய நோட்டுகளைச் சேர்க்கத் தொடங்கிய பிறகே, இந்த இயல்பு உண்டாவதற்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின என்பதை அறிந்தேன்.

விடுதி நண்பர் ஒருவர் என் சேகரிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அடிமைக் காலத்து மன்னன் தலையை இப்படிப் பத்திரப்படுத்துவானேன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு நான் கூற விரும்பும் விடையே இக்கட்டுரை.

வட்டமும் அதன் எல்லையும்

1861-க்கு முன் அரசாங்க நோட்டு என்று ஒன்று இல்லை. வங்காள வங்கி, பம்பாய் வங்கி, 1843-இல் தோன்றிய சென்னை வங்கி ஆகியவை தத்தம் நோட்டுகளை வெளியிட்டு வந்தன. 1861-ஆம் ஆண்டுக் காகித நாணயச் சட்டம் அந்த உரிமையை அரசாங்கத்திடம் சேர்த்தது. முதல் நோட்டுகள் விக்டோரியா அரசியின் சிறு படத்துடன், இங்கிலாந்தில் கையால் வார்த்த காகிதத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சாகி வந்தன. கள்ள நோட்டுகள் புகுந்தமையால், 1867 முதல் அரசியின் படம் நீங்கி, வண்ணக் கோலங்களை அடித்தளமாகக் கொண்ட நோட்டுகள் வந்தன.

கேட்டவுடன் பணம் தருவதாக அந்நோட்டு வாக்குறுதி கூறியது. ஆனால் எங்கே தருவது? அதையும் நோட்டிலேயே அச்சிட்டார்கள். நாடு பல 'வட்டங்களாக'ப் பிரிக்கப்பட்டிருந்தது. சென்னை வட்டத்து நோட்டை அந்த வட்டத்தில்தான் உரிமையோடு மாற்ற முடியும். தில்லி அக்காலத்தில் பஞ்சாபைச் சேர்ந்த ஊர். பஞ்சாபுக்குரிய வட்டம் லாகூர். ஆகவே, 1900-இல் ஒரு தமிழ் வணிகர் சென்னை நோட்டுடன் சாந்தினி சௌக்குக்கு வந்திருந்தால், கழிவு பிடித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அந்தக் கழிவுக்கும் தமிழில் 'வட்டம்' என்றே பெயர் உண்டு என்பது எண்ணத்தக்கது.

அந்நாளைய பெரிய நோட்டுகளில் ஒரே எண் இரண்டு இடங்களில் இருக்கும். வணிகர்கள் நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதலில் அஞ்சலில் அனுப்புவார்கள். அது சேர்ந்த செய்தி வந்தபின் மறு பாதியை அனுப்புவார்கள். வழியில் ஒன்று களவு போனாலும் கள்வனுக்குப் பயனில்லை. நடுவில் ஒட்டுப் போட்ட நோட்டுகள் இன்றும் சேகரிப்போர் கைக்கு வருவதற்கு இதுவே காரணம்.

எல்லை மெல்ல மெல்லத் தளர்ந்தது. 1903-இல் ஐந்து ரூபாய் நோட்டு பர்மா நீங்கலாக எங்கும் செல்லும் என்றானது. 1910-இல் பத்தும் ஐம்பதும், 1911-இல் நூறும் அவ்வுரிமை பெற்றன. தலைநகரம் தில்லிக்கு மாறும் என்று முடிசூட்டு தர்பாரில் அறிவிக்கப்பட்டதும் அதே 1911-இல்தான்.

மொழியும் இவ்வாறே விரிந்தது. முதல் நோட்டுகளில் இரண்டு இந்திய மொழிகள். அடுத்து வந்த பச்சை வரிசையில் நான்கு, அவையும் வட்டத்துக்கு வட்டம் மாறின. பின்னர் வந்த சிவப்பு வரிசையில் எட்டு. ஆட்சியாளர் நம் மொழியின்மேல் கொண்ட அன்பு என்று இதைக் கொள்ளவேண்டியதில்லை. படிக்க முடியாத தாளை மக்கள் நம்பமாட்டார்கள், அவ்வளவே.

ஒரு ரூபாயும் என் ஏமாற்றமும்

முதல் உலகப் போரில் வெள்ளி விலை ஏறியது. ரூபாய் நாணயத்தை உருக்கினால் ஒரு ரூபாய்க்கு மேல் தேறும் நிலை வந்தது. நாணயம் பதுங்கவே, 1917 நவம்பர் 30-ஆம் நாள் ஒரு ரூபாய் நோட்டு பிறந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் நோட்டில் ஏறியது அப்போதுதான். அதுவும் தனிப் படமாக அன்று, நாணயத்தின் படமாக. காகிதத்தை நம்பாதவர்க்கு வெள்ளியின் படத்தையாவது காட்டவேண்டியிருந்தது! இன்றைய ஒரு ரூபாய் நோட்டிலும் நாணயப் படம் தொடர்கிறது. வட்டங்களின் எல்லை போன பின்னும் அவற்றின் எழுத்து இந்நோட்டுகளில் குறியாக நின்றது. சென்னைக்கு 'எம்'.

அந்த 'எம்' என்னை மயக்கியது. பழைய தில்லிக் கடையொன்றில் அப்படி ஒரு நோட்டைக் கண்டு, உதவித்தொகையில் மூவாயிரம் ரூபாயைக் கொடுத்து வாங்கிவிட்டேன். நம் ஊர் நோட்டு என்ற பற்று கண்ணை மறைத்தது. மறுநாள் ஆய்வுக்கூடத்தில், வேதியியல் மாணவர் நாள்தோறும் பயன்படுத்தும் புறஊதா விளக்கின் கீழ் அதை வைத்தேன். நீல வெண்மையாக ஒளிர்ந்தது! தாளை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருள்களைக் காகிதத்தில் கலக்கும் வழக்கம் 1917-இல் இல்லை. எனினும், சலவைத் தூளில் கழுவிய உண்மை நோட்டும் ஒளிரக்கூடும். ஆகவே ஒரு சோதனையோடு நிற்கலாகாது. அடுத்து நீர்க்குறியைப் பார்த்தேன். உண்மையான நீர்க்குறி காகிதத்தின் தடிப்பு வேறுபாட்டால் உண்டாவது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் தெளிவாகத் தெரியும். என் நோட்டிலோ அது வெளிர் மையால் அச்சிட்ட படம். மேசைமேல் கிடக்கும்போதே தெரிந்தது. கடைக்காரர் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். அந்த நோட்டை எறியாமல், என் சேகரிப்பின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

புதிதாகத் தொடங்குவோர்க்கு இரண்டு சொற்கள். நோட்டைக் கழுவாதீர்கள், ஒட்டுத்தாள் இடாதீர்கள். பி.வி.சி. உறைகளில் வைக்காதீர்கள், நாளடைவில் அதிலிருந்து கசியும் பொருள்கள் காகிதத்தையும் மையையும் கெடுக்கும். பாலியெஸ்டர் உறையே நல்லது.

இனி நண்பருக்கு விடை. நான் சேர்ப்பது மன்னன் தலையை அன்று. அந்தத் தலையைச் சுற்றியுள்ளவற்றை: ஊர்ப் பெயரை, இருமுறை அடித்த எண்ணை, மூலையில் நிற்கும் தமிழ் எழுத்தை. ஆண்டவர்கள் தங்கள் வாக்குறுதியை மக்கள் நம்பவேண்டும் என்பதற்காக எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதை இவை சொல்லுகின்றன. மக்களின் ஐயமே நோட்டின் வடிவத்தை மாற்றியது. இன்றைய நோட்டின் பின்புறம் பதினைந்து மொழிகள் வரிசையாக உள்ளன. நம் தமிழும் அங்கே இருக்கிறது. அடுத்த முறை தேநீருக்குப் பணம் நீட்டும்போது, ஒரு நொடி திருப்பிப் பாருங்கள்.