சூரைச்செடியின் நிழலில்

என் அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்த பிறகு, எங்கள் வீட்டின் நாளும் கிழமையும் மாறிப்போயின. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். போக, வர, ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்திருக்க என்று பாதி நாள் அதிலேயே கழியும். மாற்று சிறுநீரகத்துக்கு அம்மாவின் வயதும் இதயமும் இடம் கொடுக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது குணமாகி முடிகிற காரியம் அல்ல, கூடவே வைத்துக்கொண்டு வாழவேண்டியது. அந்த வாழ்க்கைக்குள்தான் கர்த்தர் எனக்கு இளைப்பாறுதல் தந்தார். அதே பாதையில் நடக்கிற யாருக்காவது உதவும் என்று, நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில் சாப்பிடுங்கள், தூங்குங்கள்

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம் எனக்குக் கைகொடுத்தது. யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடிய எலியா தீர்க்கதரிசி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும், உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டார். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார். பிறகு தூதன் தட்டி எழுப்பினான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டு மறுபடி படுத்தவரை இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலைக்குப் போனதும், அங்கே கர்த்தருடைய மெல்லிய சத்தத்தைக் கேட்டதும் அதற்குப் பிறகுதான்.

களைத்துப்போன உடம்புக்கு ஆண்டவர் கொடுத்த முதல் ஊழியம் சோறும் தூக்கமும்தான் என்று இதிலிருந்து தெரிந்துகொண்டேன். அம்மாவும் விடமாட்டார். மெஷின் ஓட ஆரம்பித்ததும், "ஏய்யா, நாந்தான இங்க படுத்துக் கெடக்கேன். நீ போயி ரெண்டு இட்லி தின்னுட்டு வா" என்று விரட்டுவார். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் பட்டினி கிடப்பதில் பக்தி ஒன்றும் இல்லை. வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டால், மனம் எழும்பாமலே கிடந்தால், டாக்டரிடம் சொல்லுங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

புலம்பலும் ஜெபம்தான்

சில நாள் பாதியில் அம்மாவுக்கு பிரஷர் இறங்கிவிடும். கெண்டைக்கால் தசை இழுத்துக் கட்டியாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் அழுவதைப் பார்த்துக்கொண்டு, ஸ்தோத்திரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'எவ்வளவு காலம் ஆண்டவரே' என்றுதான் வந்தது.

அந்த நாட்களில் 88ஆம் சங்கீதத்தை வாசித்தேன். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பலவும் கடைசியில் துதிக்குத் திரும்பும். இது திரும்பாது, கடைசி வரி வரைக்கும் இருட்டு. அப்படிப்பட்ட ஒன்றும் வேதத்தில் ஜெபமாகவே இடம்பெற்றிருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். மனதில் உள்ளதை உள்ளபடியே கொட்டிய பிறகு வந்த அமைதி, வலிந்து வரவழைத்த துதியில் எனக்குக் கிடைத்ததில்லை.

சின்ன ஜெபம் போதும்

ஆஸ்பத்திரி வாழ்க்கையில் ஒரு மணி நேரம் முழங்கால்படியிட நேரமும் இருக்காது, தெம்பும் இருக்காது. அன்றாடம் செய்தே ஆகவேண்டிய ஒரு வேலையோடு ஜெபத்தைச் சேர்த்துவிடுங்கள்.

டயாலிசிஸுக்காக அம்மாவின் இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள். தினமும் காலையில் அதன்மேல் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். தோலுக்கடியில் விர்ரென்று ஓர் அதிர்வு தெரியும். அது இருந்தால் ரத்தம் ஓடுகிறது. இல்லையென்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நான் விரல் வைத்திருக்கும் அந்த நேரத்தில் இருவரும் 131ஆம் சங்கீதத்தைச் சொல்லுவோம். மூன்றே வசனம். தாயின் மடியில் பால் மறந்த குழந்தை அமர்ந்திருப்பதைப்போல ஆத்துமா அடங்கியிருப்பதைச் சொல்லும் சங்கீதம். அது எங்கள் குடும்ப ஜெபமாகிவிட்டது.

ராத்திரி பாரத்தைப் பிரித்து வையுங்கள்

பயம் ராத்திரியில்தான் பெருகும். படுக்கும் முன் ஒரு தாளில் நடுவே கோடு போடுவேன். ஒரு பக்கம், நாளைக்கு நான் செய்யவேண்டியவை: காப்பீட்டு அட்டையை எடுத்து வைக்க, ஊசி வாங்க, குடிக்கிற தண்ணீரை அளந்து பாட்டிலில் ஊற்ற. மறுபக்கம், என் கையில் இல்லாதவை: நாளைய ரத்தப் பரிசோதனை முடிவு, அம்மாவின் ஆயுசு. இரண்டாவது பட்டியலை ஆண்டவரிடம் வாய்விட்டுச் சொல்லி ஒப்படைத்துவிடுவேன். இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதில்லை என்று 121ஆம் சங்கீதம் சொல்லும்போது, நான் உறங்கலாம் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

நிலைமை மாறாமலும் சமாதானம் வரும்

எங்கள் திருநெல்வேலிச் சீமையில் இதற்கு ஒரு சாட்சி உண்டு. டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த ஆமி கார்மைக்கேல் அம்மையார், 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951இல் கண்மூடும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். சுகத்துக்காக ஜெபித்தவர்களுக்குக் குறைவில்லை, ஆனாலும் எழுந்து நடமாடும் பழைய வாழ்க்கை திரும்பவில்லை. அந்தக் கட்டிலிலிருந்தே புத்தகங்கள் எழுதினார். நோயாளியாக இருந்துகொண்டு நோயாளிகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1933இல் நூலாக வந்தன. சுகமானவர்கள் சொல்லும் ஆறுதல் எட்டாத இடத்துக்கும் அவருடைய வார்த்தை எட்டியது. சுகம் கிடைத்தால்தான் சமாதானம் என்று நான் காத்திருக்கவில்லை என்றால், அதற்கு அவருடைய வாழ்க்கையும் ஒரு காரணம்.

தூதனை வாசலில் நிறுத்தாதீர்கள்

"ஏதாவது வேணுமா?" என்று சபையார் கேட்டால், "ஜெபம் பண்ணுங்க" என்பதோடு நிறுத்தாதீர்கள். "வியாழக்கிழமை அம்மாகூட ரெண்டு மணி நேரம் இருக்க முடியுமா அக்கா?" என்று திட்டமாகக் கேளுங்கள். எங்கள் தெரு அக்கா ஒருவர் அப்படித்தான் வர ஆரம்பித்தார். அம்மாவுக்கு உப்புக் குறைத்த ரசமும், எனக்குத் தனியாக ஒரு டிபன் பாக்ஸும் கொண்டுவருவார். எலியாவுக்கு அடையும் தண்ணீரும் கொண்டுவந்த அதே கர்த்தர்தான் அவரையும் அனுப்புகிறார் என்று முழுமனதோடு நம்புகிறேன்.

இப்போது ஏதோ ஒரு வார்டு வாசலில் நீங்கள் உட்கார்ந்திருந்தால், பெரிய விசுவாசம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இருக்கிற கொஞ்சத்தோடு, இருக்கிறபடியே அவரிடம் பேசுங்கள். அவர் தருகிற சாப்பாட்டையும் தூக்கத்தையும் மனிதர்களையும் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.